மீதியைப் படியுங்கள், பேச்சியம்மாள்

என் அக்கா கடைசியாகச் சொன்ன வார்த்தைகளை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள், பேச்சியம்மாள். ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் திருப்பித் தரவில்லை. அதைக் கேட்டு நீங்கள் சிரிக்கவும் செய்தீர்கள். சாகப்போகிறவர் சொன்னதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தீர்கள். அடுத்த அறையில் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

நேரில் என்றால் உங்களை 'நீ' என்றுதான் பேசுவேன். அச்சில் 'நீங்கள்' என்று போடச் சொன்னவர் அக்காவின் கணவர், என் அத்திம்பேர். நினைவு மலரை இப்படி ஆரம்பிக்கக் கூடாது என்றும் சொன்னார். பிறந்த ஊர், பெற்றோர், பட்ட கஷ்டம், குணம், கடைசி நாட்கள், நன்றி என்று வரிசையாகப் போக வேண்டுமாம். சரி, போகிறேன். ஆனால் எதற்காக எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

அக்கா பாலக்காட்டுக்குப் பக்கத்தில் பிறந்தார். ஐந்து வயதிலேயே பம்பாய் வந்துவிட்டதால் ஊரைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருந்ததில்லை. அப்பா ரயில் கம்பெனியில் குமாஸ்தா. மாதுங்காவில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை. நான் பிறந்த கொஞ்ச நாளில் அம்மா போய்விட்டார். அக்காவுக்கு அப்போது பதினோரு வயது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவரை அப்பா நிறுத்தினார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்தக் குழந்தை நான்.

ஆக, அக்காவின் படிப்பு என்னால் நின்றது. அதனால் அவர் படித்த கொஞ்சமும் எனக்கே வந்தது. சமையலறைத் தரையில் ஈர விரலால் 'அ' எழுதுவார். அது காய்வதற்குள் நான் படித்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் தோற்றேன். பம்பாய் வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? கண்ணைத் தரையிலேயே வைத்திருப்பேன். பலகையும் கிடையாது, குச்சியும் கிடையாது. நான் எழுத்துப் படித்தது அப்படித்தான். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வாசகசாலையில் அக்காவிடம் எத்தனை பெண்கள் படித்திருந்தாலும், அவருடைய முதல் மாணவி நான்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அத்திம்பேர் கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் வேலை. கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்தார்கள். அப்பா காலமானதும் நானும் அங்கேயே போய்விட்டேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. இருந்திருந்தால் பெண்கள் வகுப்பு என்று ஒன்று இருந்திருக்காது என்று சிலர் பேசுகிறார்கள். தப்பு. குழந்தை போல நான் இருந்தேனே! நான் இருந்தபோதே அவர் வகுப்புக்குப் போனாரே!

வாரப் பத்திரிகை வந்தால் அக்காவும் நானும் பாயில் குப்புறப் படுத்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு தொடர்கதை படிப்போம். அவர் வேகமாகப் படிப்பார். பக்கத்தின் அடிக்குப் போய், நான் வந்து சேரும்வரை விரலை அங்கேயே வைத்துக் காத்திருப்பார். அந்த விரல் எனக்காகக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு.

யுத்தத்தின் நடுவில் அது முடிந்தது. மாதுங்காவில் எங்கள் தமிழ் வாசகசாலை மாடியில், மத்தியானம் ஆண்கள் ஆபீசில் இருக்கும் நேரத்தைப் 'பெண்கள் நேரம்' என்று ஒதுக்கினார்கள். பத்திரிகையை யாராவது ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். அக்காவின் குரல் நன்றாக இருந்ததால் அவரையே படிக்கச் சொன்னார்கள். ஒரு நாள் தொடர்கதையில் முக்கியமான இடம். புதுப்பெண் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். எதிர் இருக்கையில் ஒருவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிறான். துண்டு மெல்ல நழுவுகிறது. சரியாக அங்கே பெண்கள் நேரம் முடிந்து, ஆண்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அக்கா பத்திரிகையை மூடிவிட்டார்.

படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யக்கா, நிறுத்தாதீய! அது யாரு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கூடையில் கொண்டுவந்து வீடு வீடாக விற்கிற தாராவிப் பெண். நீங்கள்தான், பேச்சியம்மாள். என்றைக்கிலிருந்து படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்களோ, எனக்குத் தெரியாது.

"நேரமாயிடுத்தேம்மா," என்றார் அக்கா.

"நேரம் கெடக்கட்டும் யக்கா. அது யாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. இல்லன்னா எனக்குச் சோறு எறங்காது."

என் அக்கா சிரித்தார். "இந்தப் பத்திரிகையிலேயே இருக்கு. எடுத்துண்டு போய்ப் படிச்சுக்கோ."

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்? கண்ணு இருந்தும் குருடில்லா நான்."

"அப்போ நாளைக்குச் சீக்கிரம் வா. சொல்லித் தரேன்."

இவ்வளவுதான் பேசினார்கள். என் வாழ்க்கை இதில் இரண்டானது.

மறுநாள் வாசகசாலைக் கதவு திறக்கும் முன்பே நீங்கள் வந்து நின்றீர்கள். கூடையைக் கீழே படிக்கட்டடியில் வைத்துவிட்டு வரும்படி நிர்வாகிகள் சொன்னார்கள். வைத்துவிட்டு வந்தீர்கள். சில அம்மாக்கள் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அக்கா அந்தப் பாயிலிருந்து எழுந்துவந்து உங்களோடு வெறுந்தரையில் உட்கார்ந்தார். செம்பிலிருந்து விரலில் தண்ணீர் தொட்டார். தரையில் 'அ' எழுதினார்.

என் வயிறு எரிந்தது. அது எங்கள் வீட்டு வித்தை. அம்மா இல்லாத வீட்டில், எனக்காக, அக்கா கண்டுபிடித்தது. அதைக் கறிவேப்பிலைக்காரிக்கு இலவசமாகக் கொடுத்தார். இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது. எரியவில்லை என்று எழுதினால் பொய்.

உங்களைப் பார்த்துத் தாராவியிலிருந்து இன்னும் பல பெண்கள் வந்தார்கள். தோல் கிடங்கில் வேலை செய்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். சொல்லிக்கொடுக்க மாதுங்காப் பெண்களும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தார்கள். பாயைத் தள்ளிப் போட்டவரில் ஒருவரும் அதில் உண்டு. அவர் பெயரை எழுதவில்லை, அவருக்கே தெரியும். அக்காவின் முறை இதுதான்: கதையை உரக்கப் படிப்பார். எல்லோரும் வாயைப் பிளக்கும் இடத்தில் டக்கென்று நிறுத்துவார். பக்கத்தில் விரலை விட்டுப் பத்திரிகையை மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "மீதி நீங்கதான்," என்பார். கூட்டம் அவரைத் திட்டும். "இது பாவம் யக்கா, நல்லா இருக்கமாட்டீய!" என்று உங்கள் தெருப் பெண் ஒருத்தி கத்தியதை நானே கேட்டிருக்கிறேன். அப்படித் திட்டிக்கொண்டே எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள்.

"ஏன் அக்கா இப்படி அவர்களைத் தவிக்க விடுகிறாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முழுக்க நானே படிச்சுட்டா அவா எதுக்குடி தைலா படிக்கணும்?" என்றார்.

"எனக்கு மட்டும் முழுக்கப் படித்துக் காட்டினாயே."

"உனக்கு எப்பவோ தெரியுமே." அவ்வளவுதான் பதில். வகுப்பு முடிந்து வந்தால் தொண்டை கட்டியிருக்கும். எனக்குத் தலையாட்டல்தான். பத்திரிகை வாசகசாலையிலேயே தங்கிவிடும். பாயில் குப்புறப் படுப்பதெல்லாம் போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் என் அக்காவைவிட வயதில் மூத்தவர். என்றாலும் அவரை 'யக்கா' என்றீர்கள். உங்களைப் பார்த்து மற்றவர்களும் 'யக்கா' என்றார்கள். கிங்ஸ் சர்க்கிளில் நானும் அவரும் நடந்தால் நாலு பக்கமிருந்தும் 'யக்கா, யக்கா' என்று குரல் வரும். அவர் நின்று நின்று பதில் சொல்வார். நான் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். இந்த உலகத்தில் அந்த வார்த்தையைச் சொல்லி அவரைக் கூப்பிட ஒரே ஒருத்திக்குத்தான் பிறப்புரிமை. அவளுக்கு அவர் திரும்பிப் பார்க்க நேரம் இல்லை.

ஒருமுறை உங்கள் கணக்கைத் தீர்க்கப் பார்த்தேன். கறிவேப்பிலை கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தீர்கள். அந்த வாரத்துக் கதை நான் படித்திருந்தேன். "அந்த ரயில் பெண் கடைசியில் என்ன ஆனாள் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். கதை தெரிந்துவிட்டால் வகுப்புக்கு வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கூடையைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டீர்கள்.

"சொல்லாதீய தாயி! சொல்லாம இருந்தா ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். நானே படிச்சுக்கிடுதேன்!"

படியெல்லாம் கறிவேப்பிலை சிதறியது. உள்ளேயிருந்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, பம்பாய்க்கு வெளியே கல்யாண் என்ற ஊருக்குப் போனேன். பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் வலி எடுத்தது. பக்கத்து வீட்டு மாமி வாசகசாலைக்கு ஓடினார். அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "இந்தப் பக்கம் முடியட்டும், வந்துடறேன்." மாமியே வந்து சொன்னார். முதலில் வந்து நின்றது நீங்கள். படியேறிய மூச்சு வாங்க, "யக்கா பின்னால வருதாவ, பயப்படாதீய," என்று என் கையைப் பிடித்தீர்கள். நான் உதறினேன். "அவர் வந்தால் போதும், நீ போ," என்றேன். நீங்கள் போகவில்லை; வாசற்படியில் உட்கார்ந்தீர்கள். அக்கா வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். குழந்தை பிறக்கும்வரை எழவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் வந்தார். அதை நான் மறக்கவில்லை.

அக்கா வகுப்பில் ஒரு விதி வைத்திருந்தார். எழுத்துக் கற்ற ஒவ்வொருவரும் ஒரு நாள் மேஜை பக்கத்தில் எழுந்து நின்று, எல்லோரும் கேட்க ஒரு பக்கம் உரக்கப் படிக்க வேண்டும். முணுமுணுத்தால் செல்லாது. "மனசுக்குள்ள படிக்கறது உனக்கு. நின்னு படிக்கறது ஊருக்கு. ரெண்டும் வேணும்," என்பார். உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் நின்று படித்தார்கள். கை தட்டினோம். நீங்கள் மட்டும் நிற்கவில்லை. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவர் நீங்கள். உங்கள் முறை வந்தால் கூடையில் கீரை வாடுகிறது, புருஷன் தேடுவார், தலை சுத்துது என்று ஏதாவது ஒன்று.

"பேச்சின்னு பேர் வெச்சுண்டு இப்படி ஓடறியே," என்று அக்கா கேலி செய்வார்.

"பத்துப் பேர் மொகத்தப் பாத்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கிடுது யக்கா. அடுத்த மாசம் கட்டாயம்."

சுதந்திரம் வந்தது. அந்த அடுத்த மாதம் வரவில்லை.

அக்காவுக்குக் காசம் என்று டாக்டர் சொன்னார். உள் அறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டோம். நான் கல்யாணிலிருந்து ரயிலில் வருவேன், மடியில் குழந்தை. அக்கா என்னை வாசலிலேயே நிறுத்துவார். "கிட்ட வராதே தைலா. கொழந்தையைத் தூக்கிண்டு இந்தப் பக்கம் வராதே." கையை நீட்டித் தடுப்பார். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாலும் விடமாட்டார். "திரும்பிப் போய் அதைத் தூக்கப்போறவ நீதானே?" என்பார். ஆகவே நான் அடுத்த அறையில் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு திரை. அக்கா இருமுவதைக் கேட்டுக்கொண்டு, எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் நேராக உள்ளே போவீர்கள். "எனக்கு என்ன வரப்போவுது யக்கா? வந்தா வரட்டும்," என்பீர்கள். உங்களையும் அக்கா தடுத்துப் பார்த்தார். நீங்கள் கேட்டால்தானே? தலையணையைச் சரிசெய்வீர்கள், வாயைத் துடைப்பீர்கள். கட்டிலடியில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக் காட்டுவீர்கள். நான் செய்ய வேண்டியதெல்லாம் செய்தீர்கள். திரைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு உங்கள் குரலைக் கேட்டேன். எழுத்துத் தடுக்கினால் அக்கா திருத்துவார். எனக்கு ஒரு எழுத்தும் தடுக்காது. ஆனால் படித்தவர் நீங்கள்.

கடைசி நாளும் அப்படியே. நீங்கள் தொடர்கதை படித்துக்கொண்டிருந்தீர்கள். நல்ல இடம் வந்திருக்கும்போல, குரல் ஏறியது. அக்கா கையைத் தட்டி நிறுத்தினார். ஏதோ சொன்னார். மெல்லிய குரல். எனக்குச் சொல் எதுவும் காதில் விழவில்லை. நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அக்காவும் சிரித்து, அது இருமலானது. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டதாக நீங்கள் வெளியே வந்து சொன்னீர்கள். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அக்கா அந்தத் தூக்கத்திலிருந்து எழவில்லை.

பதின்மூன்று நாள் காரியம் முடிந்ததும் நான் தாராவிக்கு வந்தேன். உங்கள் கோலியை, அந்த ஒற்றை அறை வீட்டை, தேடிக் கண்டுபிடிக்கவே அலைந்தேன். சந்து முனையில் ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நீங்கள். கதை படித்துக்கொண்டிருந்தீர்கள். ஓரிடத்தில் டக்கென்று நிறுத்தினீர்கள். பக்கத்தில் விரலை விட்டுப் பத்திரிகையை மூடினீர்கள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, "மீதி நீங்கதான்," என்றீர்கள். பிறகு செம்பில் விரலை நனைத்தீர்கள்.

முகத்தில் நான் அக்கா மாதிரி இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். அந்தத் தலைச் சாய்ப்பு எனக்கு வரவில்லை. கண்ணாடி முன்னால் செய்து பார்த்திருக்கிறேன். வரவில்லை. அது உங்களிடம் போய்விட்டது.

உங்களைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "அன்றைக்கு அக்கா என்ன சொன்னார்?"

நீங்கள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றீர்கள். "அது எங்கிட்டச் சொன்னது தாயி."

"அவர் என் அக்கா."

"இல்லன்னு சொல்லலியே. ஒங்களுக்கு அவுக பொறந்ததுலேர்ந்து எவ்வளவோ சொல்லியிருக்காவ. எனக்கு அந்த ஒண்ணுதான் கடைசியா இருக்கு. அதையும் கேட்டா நான் எங்க போவேன்?"

நியாயமான பேச்சுதான். கல்யாண் ரயிலில் திரும்பும்போதே நியாயம் என்று தெரிந்தது. வீட்டில் வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவரும் நியாயம் என்றார். ஆனால் எனக்கு அது வேண்டும். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதன்பிறகும் இரண்டு முறை கேட்டு அனுப்பினேன். கறிவேப்பிலை வந்தது, பதில் வரவில்லை.

இனி நன்றி. மூன்று மாடி ஏறி வந்து, கூப்பிட்ட நேரமெல்லாம் பார்த்த டாக்டருக்கு நன்றி. நோய் என்று பயந்து ஒதுங்காமல் தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய கீழ்வீட்டாருக்கு நன்றி. ஒதுங்கினவர்களுக்கு நன்றி இல்லை. என் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மாமிக்கும், லீவு கொடுத்த அத்திம்பேரின் ஆபீஸ்காரர்களுக்கும், அக்கா போன பிறகும் பெண்கள் நேரத்தை நிறுத்தாத வாசகசாலை நிர்வாகிகளுக்கும் நன்றி. இந்த வருஷம் கூடையை மேலே கொண்டுவரவும் அனுமதித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அக்கா இருக்கும்போதே செய்திருக்கலாம்.

உங்களுக்கும் நன்றி எழுதச் சொன்னார் அத்திம்பேர். எழுதுகிறேன். நான் போக முடியாத அறையில் நீங்கள் இருந்தீர்கள். என் அக்கா சிரித்துக்கொண்டே தூங்கப் போனார். அதற்கு நன்றி. பொறாமையோடுதான் சொல்கிறேன். பொறாமை இல்லாமல் சொல்லும் நாள் வரும்வரை காத்திருந்தால் இந்த மலர் அச்சாகாது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அக்காவின் முதல் வருஷ நினைவுக் கூட்டம் வாசகசாலை மாடியில், பெண்கள் நேரத்திலேயே நடக்கிறது. உறவுக்காரர்கள் வருவார்கள். தாராவிப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். படியிலேயே நின்று இந்த மலரை உங்கள் கையில் நானே கொடுப்பேன். முதலில் மனசுக்குள் படித்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்கு.

பிறகு மேஜைப் பக்கம் வந்து எழுந்து நில்லுங்கள். என்னிடம் தனியாக எதுவும் சொல்ல வேண்டாம். எனக்குக் கொடுப்பதற்காக நீங்கள் அதை இழக்கவும் வேண்டாம். எல்லோருக்கும் சொன்னால் யாருக்கும் குறையாது. நின்று படிப்பது ஊருக்கு என்று வகுப்பில் அக்கா சொன்னதுதானே? அவர் சொன்னதை இந்த மலரின் கடைசிப் பக்கத்திலேயே உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள், நின்று உரக்கப் படியுங்கள். நீங்கள் நின்று படிப்பதைக் கேட்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார். கேட்காமலே போனார். கூடையில் கீரை வாடினால் வாடட்டும். நாக்கு ஒட்டினால் தண்ணீர் வைத்திருப்பேன். அழுகை வந்தால் அழுதுகொண்டே படியுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் அழுவேன்.

அக்கா கையைத் தட்டி உங்களை நிறுத்தினார். அதுவரை எனக்குத் தெரியும். அங்கேதான் ஒரு வருஷமாக நிற்கிறேன்.

மீதியைப் படியுங்கள்.